காலி இடத்தில் இரண்டு கூழாங்கற்கள்

ரம்லா,
4 செப்டம்பர் 1994

அன்புள்ள பின்ஹாஸ் அண்ணாவுக்கு,

நம் யூதப் புது வருஷம் பிறக்க இன்னும் இரண்டு நாள்தான். மேலே உள்ள புத்தகத்தில் உனக்கும் அண்ணிக்கும் நல்ல ஆண்டாக எழுதப்படட்டும். நெஞ்சு வலி இப்போது எப்படி இருக்கிறது? ஜூன் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி போட்ட கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. மாடிப்படி ஏறாதே. புலாவில் ஆட்டுவால் கொழுப்பு மிதந்தால் முகத்தைத் திருப்பிக்கொள். உன்னால் முடியாது என்று தெரியும், சொல்லிவைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் யோயிர் அதே ரொட்டிக்கடையில்தான் இருக்கிறார். எங்கள் பெண்கள் இருவரும் வாயைத் திறந்தால் எபிரேயம்தான், நம் பேச்சில் நான் திட்டினால் சிரிக்கிறார்கள். அப்பா அப்படியே இருக்கிறார்.

ஒரு காரியம் ஆக வேண்டும். அம்மாவின் கல்லறையைப் படம் எடுத்து அனுப்பு. அம்மாவின் பக்கம் மட்டும் போதாது, முழுக் கல்லும் தெரிய வேண்டும். இடது பக்கம் அம்மாவின் முகம், வலது பக்கம் அப்பாவின் முகம், அதன் கீழே அப்பாவுக்காக வைத்திருக்கும் காலி இடம், எல்லாம். அந்தக் கல்லை நிறுத்திய நாள் நினைவிருக்கிறதா? அப்பா தன் முகத்தை அதில் பார்த்துவிட்டு, "என்னைவிட இவன் அழகா இருக்கான். முதல்ல இவனைப் புதைங்க, நான் பின்னால வர்றேன்" என்றாரே. அம்மாவுக்கு அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

நம்மூரிலிருந்து போன மாதம் வந்த ஒருத்தி சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "புகாராவுல நம்ம கல்லறையில இப்ப யாரு வேணா எங்க வேணா படுத்துக்கலாமாமே" என்றாள். வாயை மூடு, கல்லறை வாசல் சாவி என் அண்ணன் கையில் இருக்கிறது என்றேன். இருக்கிறதுதானே?

படத்தை மறக்காதே. அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன் தங்கை,
சிவ்யா


புகாரா,
27 அக்டோபர் 1994

தங்கை சிவ்யாவுக்கு அண்ணனின் ஆசிகள்.

நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறது, அதன் வேலை அதுதானே. அண்ணி எனக்குப் புலாவை மோந்து பார்க்க மட்டும் கொடுக்கிறாள். பண்டிகை நாட்களில் தொழுகைக்குப் பத்து ஆண்களைச் சேர்க்க வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். பாதி வீடுகளில் பூட்டு, மீதி வீடுகளில் மூட்டை கட்டுகிறார்கள்.

படத்துக்கு என்ன அவசரம்? படம் எடுக்கும் கடைக்காரன் நியூயார்க் போய்விட்டான். வேறு ஆள் பார்க்கிறேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது, அந்தச் சந்தைக்காரியிடம் சொல்.

பக்கத்து வீட்டு ஒய்தின் அக்டோபர் பத்தாம் தேதி இறந்துவிட்டாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மகன் ஷரீப் தான் ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு ஓடி வந்தான். அம்மா இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தபோது பெற்ற மகள்போலப் பார்த்துக்கொண்டவள். நீ அப்போது புருஷன் வீட்டில் இருந்தாய், உன்னைக் குறை சொல்லவில்லை. அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

இன்னொன்று. அப்பா உன் கடிதங்களின் அடியில் தன் கையால் மூன்று வரி எழுதுவாரே: உடம்பைப் பார்த்துக்கொள், சுவரைக் கவனி, சாவியை யாரிடமும் கொடுக்காதே. எப்போதும் அதே மூன்று வரி, படித்துப் படித்து எனக்கு எரிச்சல்கூட வரும். இந்த முறை அது இல்லை. ஏன்?

அண்ணன்,
பின்ஹாஸ்


ரம்லா,
20 நவம்பர் 1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சௌக்கியம். மழை ஆரம்பித்துவிட்டது, துணி காய்வதில்லை.

அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, பேனா பிடிக்க முடியவில்லை, அதனால்தான் எழுதவில்லை. வேறு ஒன்றும் இல்லை. எண்பத்து நாலு வயதில் கை நடுங்காமல் என்ன செய்யும்? நீயாக எதையாவது கற்பனை செய்து நெஞ்சைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஒய்தின் செய்தியைச் சொன்னேன். அப்பா அழுதுவிட்டார். எனக்கும் தாங்கவில்லை. அவளை எங்கே புதைத்தார்கள்? அவர்கள் ஆட்களை எல்லாம் சுவருக்கு வெளியே, செங்கல் சூளைக்கு அந்தப் பக்கம்தானே வைப்பார்கள்? போகிற வழியில் அவள் மண் மேல் எனக்காக ஒரு கல் வைத்துவிட்டு வா.

படம் எங்கே அண்ணா? ஒரு படம் எடுக்க மூன்று மாதமா? ஷரீபிடம் கேமரா இருக்குமே, சோவியத் ராணுவத்தில் இருந்து வந்தபோது கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தானே. நீ எதையோ மறைப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

அண்ணிக்கு என் முத்தம்.

சிவ்யா


புகாரா,
18 டிசம்பர் 1994

சிவ்யாவுக்கு,

இங்கே நலம். குளிர் எலும்பைத் தொடுகிறது, எரிவாயு மணிக்கு ஒரு தரம் நின்று வருகிறது. உங்கள் நலத்தையும் அப்பாவின் நலத்தையும் எழுது. அப்பாவின் நலத்தை விவரமாக எழுது.

நான் மறைக்கிறேனாம்! ஒரு கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேருடைய தாய் தகப்பன் கல்லறைகளைக் கூட்டுகிறேன். நீங்கள் எல்லாம் அங்கே ஆரஞ்சு சாப்பிட்டுக்கொண்டு என்னைச் சந்தேகப்படுங்கள்.

இத்துடன் படம் வைத்திருக்கிறேன். அம்மா நன்றாகத் தெரிகிறாள். கல்லை முந்தின நாள்தான் எண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

அப்பா ஒய்தினுக்காக அழுதாரா? நம் அப்பா ஹிஸ்கியாவா? நாற்பது வருஷம் கல்லறைச் சங்கத்துக்குத் தலைவராக இருந்து, ஒய்தினின் தகப்பன் செத்தபோது வாசலில் கையை விரித்து நின்று, "சலாக்களுக்கு உள்ள இடமில்லை, வெளிய கொண்டு போங்க" என்ற அப்பாவா? எமீர் ஆண்ட காலத்தில் அவர்கள் முன்னோர்களைக் கழுத்தில் கத்தி வைத்து முஸ்லிம்களாக மதம் மாற்றினார்கள், அதன் பிறகும் அந்தக் குடும்பங்கள் நம் வெள்ளிக்கிழமை விளக்கைப் பானைக்குள் ஒளித்து ஏற்றின, தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தன. நம் ஆட்கள் அவர்களுக்கு வைத்த பெயர் சலா, பாதி வெந்தவர்கள். அந்தப் பெயரை அப்பா துப்புவதுபோலத்தான் சொல்வார். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிய கைக்கு அவர் ஒரு நாள் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

அழுதார் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். நீ நினைப்பதைவிடச் சந்தோஷம். ஆனால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. கை நடுங்கினால் பரவாயில்லை, ஒரு கோடு போடச் சொல். ஒரே ஒரு கோடு.

பின்ஹாஸ்


ரம்லா,
15 ஜனவரி 1995

அண்ணா,

நலம். நலமாக இரு.

படத்தை மேஜையில் வைத்துப் பூதக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன். முதலில் அம்மாவைப் பார்த்து அழுதேன். பிறகு ஓரத்தைப் பார்த்தேன். மூன்று பக்கமும் வெள்ளை விளிம்பு இருக்கிறது, வலது பக்கம் மட்டும் இல்லை. கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறாய். கோணலாக வேறு வெட்டியிருக்கிறாய், உனக்குச் சின்ன வயதிலிருந்தே கத்தரிக்கோல் வராது.

அப்பாவின் முகம் இருக்கும் பக்கத்தை ஏன் வெட்டினாய்?

நீ அவசரத்தில் அடி மூலையைச் சரியாக வெட்டவில்லை. அங்கே ஒரு விரல் அகலத்துக்கு மண் தெரிகிறது. புது மண், மேடாகக் குவித்த மண். அதன் மேல் இரண்டு கூழாங்கற்கள். அண்ணா, காலி இடத்துக்கு யாராவது கல் வைப்பார்களா? செத்தவர்களைப் பார்க்கப் போகிறவர்கள்தானே கல் வைப்பார்கள்? அப்பாவின் இடத்தில் யாரையோ படுக்க வைத்துவிட்டாய். யாரை? யார் வந்து கெஞ்சினார்கள்? தாஷ்கண்டிலிருந்து காரில் வருகிற பெரிய மனிதர்கள் யாராவது உன் தோளில் கை போட்டார்களா?

நாங்கள் புறப்பட்ட அன்று காகான் ரயில் நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ என்ன சொன்னாய்? "உயிரோடயோ பெட்டியிலயோ, அப்பாவை அம்மா பக்கத்துக்குக் கொண்டு வருவேன்னு சத்தியம் பண்ணு" என்றாய். அம்மா கல்லறை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மூட்டையையே ரயிலில் ஏற்றவிட்டாய். அந்தச் சத்தியத்தைச் சுமந்துகொண்டு நான் இங்கே படுகிற பாடு உனக்குத் தெரியாது. நீ அங்கே இடத்தைத் தாரை வார்த்துவிட்டாயா?

முழுப் படம் அனுப்பு. இல்லையென்றால் யார் என்று பெயர் எழுது.

சிவ்யா


புகாரா,
10 பிப்ரவரி 1995

சிவ்யாவுக்கு,

அண்ணி நலம். என்னைப் பற்றிக் கேட்காதே, உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

போன மழையில் அந்த இடம் பள்ளமாகிவிட்டது. மண் கொட்டி நிரப்பினேன். கல் ஏதோ மண்ணோடு வந்திருக்கும். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தாய் கல்லறையில் போலீஸ் வேலை பார்க்கிறாயே, உன்னைப் பெற்றதற்கு அம்மா சந்தோஷப்படுவாள்.

இப்போது நான் கேட்கிறேன். பிப்ரவரி இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, தபால் ஆபீசில் நான்கு மணி நேரம் வரிசையில் நின்று உனக்குப் போன் போட்டேன். "அப்பாகிட்ட குடு" என்றேன். நீ "அப்பா தொழுகைக்குப் போயிருக்கார்" என்றாய். வெளியே வந்து கணக்குப் போட்டேன். உங்கள் ஊரில் அப்போது காலை பதினோரு மணி. பதினோரு மணிக்கு என்ன தொழுகை? காலைத் தொழுகை முடிந்து எல்லோரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள், மாலைத் தொழுகைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. நம் வீட்டில் பிறந்தவள் இப்படி ஒரு பொய்யைச் சொல்லலாமா? வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமே, தூங்குகிறார், குளிக்கிறார் என்று.

சரி, அது போகட்டும். ஒரு அவசரக் காரியம் இருக்கிறது. நகரசபைக்காரர்கள் வந்தார்கள். வடக்குச் சுவரை இடித்து ரோட்டை அகலமாக்கப் போகிறார்களாம். பெயரில்லாத செங்கல் மேடுகள் இருக்கும் பழைய பக்கம்தான். அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு அப்பாவின் தலையில்தான் இருக்கிறது. அப்பாவிடம் கேள்: வடக்குச் சுவரின் ஓரமாக யாராவது இருக்கிறார்களா? அவர் சொல்வதை அப்படியே எழுது. அதைக் காட்டித்தான் நான் வாதாட வேண்டும்.

பின்ஹாஸ்


ரம்லா,
26 பிப்ரவரி 1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் உடம்பு தேவலையா? கோபத்தில் எழுதிவிட்டேன். நீயும்தான் எழுதினாய், சமம்.

அப்பா போகும் தொழுகைக்கூடத்தில் வியாழக்கிழமைகளில் கிழவர்கள் உட்கார்ந்து கதை பேசுவார்கள், அதைத்தான் சொன்னேன். இதற்கெல்லாம் ஒரு கடிதமா?

வடக்குச் சுவரைப் பற்றிக் கேட்டேன். அப்பா, "அங்க யாரு இருக்கா? வெறும் மண்ணு. ரோடு போட்டா போடட்டும், அவங்ககூட மல்லுக்கு நிக்காதன்னு சொல்லு" என்றார். ஆகவே நீ அதிகாரிகளோடு சண்டை போட்டு நெஞ்சைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முழுப் படத்தை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளம் என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை.

சிவ்யா


புகாரா,
14 மார்ச் 1995

சிவ்யா,

ரோடு எதுவும் வரவில்லை. நகரசபையிலிருந்து யாரும் வரவில்லை. நான் கட்டிவிட்ட கதை அது.

வடக்குச் சுவரிலிருந்து மூன்றாவது மேட்டில் அப்பாவுக்கு முன்னால் பிறந்த அண்ணன் இருக்கிறார். எட்டு மாதக் குழந்தை. அந்த வரிசை முழுவதும் ஒரே காய்ச்சலில் போன குழந்தைகள்தான், ஒன்றுக்கும் பெயர் எழுதவில்லை. அப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கே போய்க் கல் வைப்பார். என்னையும் கூட்டிப்போவார். பெண்பிள்ளை என்று உன்னைக் கூட்டிப்போனதில்லை, அதனால் உனக்குத் தெரியாது. கடிதத்துக்குக் கடிதம் சுவரைக் கவனி, சுவரைக் கவனி என்று எதற்கு எழுதினார் என்று நினைத்தாய்?

தன் கூடப் பிறந்ததை வெறும் மண் என்று சொல்கிற மனுஷர் அவர் இல்லை.

அப்பா எங்கே?

பின்ஹாஸ்


ரம்லா,
2 ஏப்ரல் 1995

அண்ணா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

அப்பா போன வருஷம் ஜூலை இருபதாம் தேதி, புதன்கிழமை, ஆலயம் இடிந்த நாளின் நோன்பு முடிந்து மூன்றாம் நாள் இறந்துவிட்டார். காலையில் பச்சைத் தேநீர் கேட்டார். நான் கொண்டு வந்தபோது இல்லை. கஷ்டப்படவில்லை, அது மட்டும் சத்தியம். என் சத்தியத்துக்கு இனி என்ன மதிப்பு என்று நீ கேட்பாய்.

பெட்டியில் வைத்துக் கொண்டு வருகிறேன் என்று கேட்டேன் அண்ணா. புதைக்கும் சங்கத்து ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஏம்மா, உலகம் பூராவுமிருந்து இந்த மண்ணுக்குக் கொண்டு வர்றாங்க. நீங்க இங்கயிருந்து அங்க கொண்டு போகணுங்கறீங்களே!" நான் கத்தியிருக்க வேண்டும், தரையில் விழுந்து புரண்டிருக்க வேண்டும். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மண் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் மொராக்கோக்காரர் ஒருவர் இருக்கிறார், அப்பாவுக்கு ஒரு வார்த்தை பேச்சுத்துணை இல்லை.

மீட்பர் வந்து செத்தவர்கள் எழும் நாளில் வேறு தேசத்தில் புதைந்தவர்கள் எல்லாம் மண்ணுக்கடியில் உருண்டு உருண்டுதான் இங்கே வந்து சேர வேண்டுமாம். அதைச் சொல்லி நான் சமாதானப்படுத்தினால் அப்பா, "நான் உங்கம்மா புலோரோட சேர்ந்து உருண்டு வர்றேன், உனக்கென்ன?" என்பார். இப்போது அம்மா தனியாகத்தானே வர வேண்டும்?

முதலில் உன் நெஞ்சுக்குப் பயந்து சொல்லவில்லை. எந்த அதிர்ச்சிச் செய்தியும் வேண்டாம் என்று அண்ணி எழுதியிருந்தாள். ஆனால் அது ஆகஸ்டு வரைக்கும்தான் உண்மை. அதன் பிறகு உனக்குப் பயந்து சொல்லவில்லை. முப்பது நாள் தாண்டிவிட்டது, இனி நம் சட்டப்படி நீ ஏழு நாள் துக்கம் உட்கார முடியாது, ஒரு மணி நேரம்தான் என்று தெரிந்தது. உன் ஏழு நாளைத் திருடிவிட்டேன் என்று எப்படி எழுதுவது? அப்புறம் ஒவ்வொரு கடிதமும் பொய்யைப் பெரிதாக்கிக்கொண்டே போனது.

படம் எதற்குக் கேட்டேன் தெரியுமா? நான் நிரப்பாத இடத்தைப் பார்க்கத்தான். புது மண்ணைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. நீயும் தப்பு செய்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீ செய்தது பெரிதாக இருந்தால் நான் செய்தது சின்னதாகிவிடும் இல்லையா? இவ்வளவு கேவலமாக இருக்கிறேன்.

இறந்த தகப்பனுக்காக மகன் பதினோரு மாதம் சொல்ல வேண்டிய காதிஷ் பிரார்த்தனையைப் பற்றிக் கேட்பாய். யோயிர் ஒரு மாதம் சொன்னார், பிறகு அவருக்கு விடியற்காலை வேலை. அதன் பிறகு நானே போகிறேன். பெண்கள் பகுதியில் திரைக்குப் பின்னால் நின்று, மற்ற ஆண்கள் தங்கள் தகப்பன்களுக்குச் சொல்லும்போது நானும் வாய்க்குள் சொல்கிறேன். அவர்களுக்குக் கூட்டம் சொல்லும் ஆமெனில் கொஞ்சம் அப்பாவுக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாளும் விட்டதில்லை, காய்ச்சலிலும் போனேன். இது செல்லுமா என்று யாரிடமும் கேட்கவில்லை. செல்லாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

அப்பாவுக்கு அழுகை வந்ததாக எழுதினேனே, அழுதது நான்தான்.

உன் தங்கை,
சிவ்யா


ரம்லா,
3 மே 1995

அண்ணா,

ஒரு மாதமாகிறது, ஒரு வரி இல்லை. பண்டிகை முடிந்துவிட்டது. தபால்காரனின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் ஊர்த் தபால் ஆபீசுக்குப் போன் போட்டேன், அங்கே யாரும் எடுக்கவில்லை.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் யாராவது எழுதுங்கள். அண்ணி, நீங்களாவது எழுதுங்கள்.

சிவ்யா


புகாரா,
11 மே 1995

சிவ்யாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அண்ணி நலம். பயப்படாதே.

உன் கடிதம் பாஸ்கா பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. சட்டையைக் கிழித்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அண்ணி கடிகாரத்தை எதிரில் வைத்துவிட்டு அழுதுகொண்டே நின்றாள். ஒரு மணி நேரம் ஆனதும், "எழுந்திருங்க, அவ்வளவுதான் சட்டம்" என்றாள். எண்பத்து நாலு வருஷத்து மனுஷருக்கு ஒரு மணி நேரம் சிவ்யா! இரண்டாவது மணி நேரமும் உட்கார்ந்தேன். மேலே அதைத் துக்கம் என்று எழுதுவார்களோ கோபம் என்று எழுதுவார்களோ தெரியாது. உன்னை மன்னித்தேனா என்று இப்போது கேட்காதே.

இனி என் பக்கம். ஒய்தின் சாகும் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, சுவத்துக்கு உள்ள ஒரு சாண் இடம். மூலையா இருந்தாலும் சரி. புலோர் அக்கா கூப்பிட்டா கேக்கற தூரம்" என்றாள். இரண்டு வருஷம் நம் அம்மாவின் மலத்தை அள்ளியவள். உள்ளே உள்ள இடமெல்லாம் யாரோ ஒரு குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. எல்லோரும் போய்விட்டார்கள், ஆனாலும் நாளைக்கு வந்து கேட்டால்? நான் கொடுக்கலாம் என்று உரிமையுள்ள இடம் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. கொடுத்துவிட்டேன்.

யாரை உள்ளே விடமாட்டேன் என்று அப்பா கையை விரித்து நின்றாரோ, அவளை அப்பாவின் இடத்திலேயே வைத்தேன். கல்லில் அப்பாவின் முகத்தை எடுக்க மனம் வரவில்லை. அதனால் மேலே அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார், கீழே ஒய்தின் படுத்திருக்கிறாள். வாழ்ந்தபோது வெளியில் ஒரு பெயர், வீட்டுக்குள் ஒரு பெயர். செத்த பிறகும் அவளுக்கு வேறு ஆளின் முகம்தான். ஷரீப் வாரா வாரம் இரண்டு கல் வைக்கிறான், ஒன்று தன் அம்மாவுக்கு, ஒன்று நம் அப்பாவின் முகத்துக்கு மரியாதையாக. அவற்றை எடுத்துவிட்டுப் படம் பிடிக்க எனக்குத் தோன்றவில்லை.

நீ அப்பாவைக் கூட்டி வந்துவிடுவாயோ என்று நினைத்துக்கொண்டுதான் உன் ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்தேன். உயிரோடு வந்தால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? பெட்டியில் வந்தால் எங்கே இறக்குவது? உயிரோடிருக்கும் தகப்பனின் இடத்தைப் பறித்துவிட்டேன் என்று ஆறு மாதம் மாத்திரையோடு தூங்கினேன். இப்போது தேதியைக் கூட்டிப் பார்க்கிறேன்: ஒய்தினை வைத்த அன்று அப்பா போய் எண்பத்திரண்டு நாள் ஆகியிருக்கிறது. அந்த இடத்துக்கு வர ஆளே இல்லை. நீ ஜூலையில் ஒரு வரி எழுதியிருந்தால் நான் இத்தனை பயந்திருக்கமாட்டேன். நான் அக்டோபரில் ஒரு வரி எழுதியிருந்தால் நீ இத்தனை பயந்திருக்கமாட்டாய். நல்ல அண்ணன், நல்ல தங்கை.

பண்டிகை மாதத்தில் கல்லறைக்குப் போவதில்லை என்பதால் காத்திருந்தேன். போன வாரம் திங்கட்கிழமை அப்பாவுக்குக் காதிஷ் சொல்ல ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன், பத்து ஆண்கள் இல்லாமல் அதைச் சொல்ல முடியாதே. என்னையும் சேர்த்து ஒன்பது பேர்தான். பத்தாவது ஆள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு விசா வாங்கத் தாஷ்கண்ட் போய்விட்டான். பதினோரு மணிக்கு ஷரீப் டிரைவர் சட்டையோடு வந்தான். அவனுக்குப் பஸ் ஷிப்டில் அப்போதுதான் இடைவேளை. கல் வைக்க வந்தவன் எங்களைப் பார்த்து ஒதுங்கி நின்றான்.

அப்பாவோடு சங்கத்தில் இருந்த நிசீம் மாமா என் காதில், "இவனைக் கணக்குல எடுக்கப் போறியாடா?" என்றார்.

"இவன் அம்மா எங்கப்பா இடத்துல இருக்கா மாமா. எங்கப்பாவுக்காக இவன் ஒரு நிமிஷம் நிக்கக் கூடாதா?"

"உங்கப்பன் மட்டும் இருந்தா என்னைக் கொன்னு போட்டிருப்பான்."

"இருந்தா நாம எதுக்கு நிக்கறோம்?"

மாமா தாடியைச் சொறிந்துகொண்டு ரொம்ப நேரம் கல்லில் உள்ள முகத்தையே பார்த்தார். "தாய்வழியில இவங்க நம்ம ஆளுங்கதான், சுத்தம். அது ஹிஸ்கியாவுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வாசல்ல நின்னான், பிடிவாதக்காரன்" என்றார். பிறகு, "அந்தப் பையனுக்குத் தொப்பியைக் குடுங்கடா" என்றார். ஷரீபுக்கு நாற்பத்திரண்டு வயது, மாமாவுக்குப் பையன்தான்.

ஷரீபுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. ஆமென் மட்டும் சொன்னான். ஆனால் ஒன்பது பேரும் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னான். நான் காதிஷைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மாமா முதுகில் தட்டியபின்தான் முடித்தேன்.

நீ திரைக்குப் பின்னால் சொல்வது செல்லுமா என்று நானும் யாரையும் கேட்கப்போவதில்லை. பதினோரு மாதம் முடியும் ஜூன் வரை நிறுத்தாதே. அம்மா தனியாக உருள வேண்டியதில்லை, ஒய்தின் பக்கத்தில்தான் இருக்கிறாள், கூட்டி வந்துவிடுவாள். அப்பா அங்கே வாசலில் நிற்பார். இந்த முறை கையை விரித்து நிற்கமாட்டார் என்று நினைக்கிறேன். கல்லில் ஒய்தினின் பெயரையும் அப்பாவின் தேதியையும் சேர்த்து வெட்டச் சொல்லியிருக்கிறேன், ஜூலை இருபது என்று. நீ சொன்ன தேதிதான், வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை.

அன்றைக்குப் படத்திலிருந்து வெட்டிய துண்டைத் தூக்கிப் போடவில்லை, பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். இத்துடன் அனுப்புகிறேன். கோணலாகத்தான் இருக்கும், உன்னிடம் உள்ளதோடு சேர்த்து ஒட்டிக்கொள்.

இன்றைக்கும் ஷரீப் வந்தான், பத்துப் பேர் ஆனோம். ஜூன் வரைக்கும் திங்களும் வியாழனும் அவன் இடைவேளைக்குத்தான் எங்களால் கூட முடியும். போனில் நீ சொன்னாயே, அப்பா தொழுகைக்குப் போயிருக்கார் என்று, அதே பதினோரு மணிக்குத்தான் இங்கே இப்போது அப்பாவுக்கான தொழுகை.

அண்ணன்,
பின்ஹாஸ்